தாய்மாமன்கள் எப்படி இறந்தார்கள்? இதய நோயாளி ஒருவரின் சிறுநீரகச் சரிவு: நிகழ்வு ஆய்வு

46 வயது ஆண். எடை 60 கிலோ. சர்க்கரை நோய் இல்லை, புகைப்பழக்கம் இல்லை. இரண்டு மாதமாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மாலையில் கணுக்கால் வீங்குகிறது. கையில் நான்கு வருடத்து ஃபைல் இருக்கிறது. கடைசிச் சீட்டில் "கார்டியோரீனல்" என்று எழுதியிருக்கிறது. இதயம் சரியாகப் பம்ப் செய்யாததால் சிறுநீரகமும் சோர்கிறது என்று அதற்குப் பொருள். வழக்கமாக இந்தச் சொல் எழுதப்பட்டதும் தேடல் நின்றுவிடும். இவருக்கும் நின்றிருந்தது.

(இவர் தனியொரு நோயாளி அல்லர். ஃபாப்ரி என்ற பரம்பரை நோய் பொதுவாக வந்து சேரும் விதத்தைக் கொண்டு பயிற்சிக்காகக் கோத்த நிகழ்வு இது. மருந்தளவுகளும் பரிசோதனை விவரங்களும் நடைமுறையில் உள்ளவை.)

ஃபைலில் இருந்தது

42 வயதில் நெஞ்சுவலி. டிரோபோனின் (இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் ஏறும் புரதம்) சற்றுக் கூடுதல், இசிஜியில் டி அலை தலைகீழ். ஆஞ்சியோகிராமில் மூன்று ரத்தக்குழாய்களும் சுத்தம். "சிறிய மாரடைப்பு" என்று ஆஸ்பிரின், குளோபிடோகிரல், ஸ்டாட்டின் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். எக்கோவில் இடது கீழறைச் சுவர் 14 மி.மீ.; அருகே "ரத்த அழுத்தத்தால் தடித்த இதயம்" என்ற குறிப்பு. அன்றைய ரத்த அழுத்தமோ 128/80. நான்கு வருடத்து அளவுகளைப் புரட்டினால் ஒரு முறைகூட 140-ஐத் தாண்டவில்லை. இல்லாத ரத்த அழுத்தத்தின் மேல் பழி போட்டிருக்கிறார்கள்.

கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 42 வயதில் 1.2, 44-இல் 1.4, 46-இல் 1.6. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் "கொஞ்சம் கூடுதல்தான், தண்ணீர் நிறையக் குடியுங்கள்" என்று சொல்லி அனுப்பக்கூடிய எண். 2021-இல் வந்த சிகேடி-எபி சூத்திரத்தில் போட்டு வடிகட்டும் திறனாக மாற்றினால் கதை வேறு: 77, 64, 53. நான்கு வருடத்தில் 24 புள்ளி, வருடத்துக்கு 6. வயது ஏறுவதால் குறைவது வருடத்துக்கு 1 புள்ளி அளவுதான். கிரியாட்டினினைத் தனி எண்ணாகப் பார்க்காமல் தேதியோடு வரைபடத்தில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பது இந்த வேலையில் முதல் படி. அதற்கு ஒரு கிராஃப் தாளும் ஐந்து நிமிடமும் போதும்.

ஒவ்வொரு சரிவுக்கும் ஃபைலில் ஒரு காரணம் தயாராக இருந்தது. முதல் முறை ஆஞ்சியோவின் சாயம், இரண்டாம் முறை ராமிப்ரில் என்ற ரத்த அழுத்த மருந்து, மூன்றாம் முறை நீர் பிரிக்கும் ஃபுரோசமைடு. மூன்றுமே நடக்கக்கூடியவைதான், ஆனால் மூன்றுக்கும் தனித்தனி நடை உண்டு. சாயத்தால் கிரியாட்டினின் ஏறினால் இரண்டு மூன்று நாளில் ஏறி, பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் இறங்கிவிடும். ராமிப்ரில் வகை மருந்தால் ஏறினால் தொடங்கிய சில வாரங்களில் ஒரு படி ஏறி அங்கேயே நிற்கும். 30 சதவீதம் வரை ஏறினால் மருந்தை நிறுத்தத் தேவையில்லை. இதயத் தளர்ச்சியால் ஏறுவது நீர் கோப்பதோடு கூடிக் குறையும்: வீக்கம் வடிந்தால் கிரியாட்டினினும் சற்று இறங்கும். இவருடைய கோடு படியாகவும் இல்லை, அலையாகவும் இல்லை. சாய்ந்த பலகை மாதிரி நேராக இறங்குகிறது.

நான்கு வருடத்தில் ஒரு முறைகூடச் சிறுநீரில் புரதம் பார்க்கவில்லை. இப்போது பார்த்ததில் புரத-கிரியாட்டினின் விகிதம் 1.1, அதாவது நாளுக்கு ஏறத்தாழ 1.1 கிராம் புரதம். வெறும் கார்டியோரீனலில் சிறுநீர் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். புரதம் போனாலும் சொற்பமாகத்தான் போகும். ஒரு கிராமைத் தாண்டினால் வடிகட்டியிலேயே கோளாறு என்று வைத்துக்கொண்டு தேட வேண்டும்.

இரண்டு உறுப்புக்கும் ஒரே விடை உண்டா?

இதயச் சுவர் இப்போது 17 மி.மீ.; எல்லாப் பக்கமும் சீராகத் தடித்திருக்கிறது. ரத்தம் வெளியேறும் பாதையில் அடைப்பு இல்லை. இசிஜியில் இடது கீழறைத் தடிப்புக்கான உயர்ந்த அலைகள், கூடவே பிஆர் இடைவெளி (மின்துடிப்பு மேலறையிலிருந்து கீழறைக்குப் போக எடுக்கும் நேரம்) 108 மில்லிசெகண்ட். இயல்பு 120 முதல் 200. டெல்டா அலை (மின்துடிப்பு குறுக்குவழியில் போவதன் அடையாளம்) இல்லாமல் பிஆர் குறுகியிருப்பதை இசிஜி இயந்திரம் அச்சடித்துக் கொடுத்தும் யாரும் படிக்கவில்லை. தடித்த இதயமும் குறுகிய பிஆரும் சேர்ந்து வந்தால், தசை செல்களுக்குள் ஏதோ ஒன்று சேர்கிறது என்ற சந்தேகம் வர வேண்டும்.

இந்த இடத்தில் மரபணுப் பட்டியல் ஒன்று மனத்தில் ஓடும். அதில் பாதி இவருக்குப் பொருந்தாது.

சிறுநீரக வடிகட்டும் திறனோடு தொடர்புள்ள மரபணு இடங்கள் 250-க்கும் மேல் கண்டறியப்பட்டிருக்கின்றன. யூரோமோடுலின் புரதத்துக்கான மரபணு அவற்றில் முதலில் சிக்கியவற்றுள் ஒன்று. ஆனால் ஒவ்வொன்றின் பங்கும் துளி. அதிலும், ஒருவருக்குத் திறன் எவ்வளவு இருக்கிறது என்பதோடு தொடர்புள்ளவை ஏராளம். அது எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதோடு தொடர்புள்ளவையாக உறுதிப்பட்டவை மிகக் குறைவு. வருடத்துக்கு 6 புள்ளி இறங்கும் ஒருவருக்கு இந்தத் துளிகளைக் கூட்டி மதிப்பெண் போட்டுக் கொடுக்கும் அறிக்கையால் சிகிச்சையில் எதுவும் மாறாது.

ஏபிஓஎல்1 என்ற மரபணு வேறு கதை. அதன் இரண்டு ஆபத்து வடிவங்கள் மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் மிகுதி; அமெரிக்காவின் கறுப்பின மக்களில் நூற்றுக்குப் பதின்மூன்று பேர் அளவில் இரண்டு பிரதிகளையும் வைத்திருக்கிறார்கள். தூக்க நோய் ஒட்டுண்ணியிடமிருந்து காத்த மரபணு, சிறுநீரகத்தில் விலை கேட்கிறது. இந்திய வம்சாவளியினரிடம் இது இல்லை என்றே சொல்லலாம். பல மரபணுக்களை ஒன்றாக வாசிக்கும் தொகுப்புப் பரிசோதனையில் "ஏபிஓஎல்1 இயல்பு" என்று வந்தால் அதைப் பார்த்து யாரும் நிம்மதி அடைய வேண்டாம்.

நம்மவர்களுக்கான கண்ணி எம்ஒய்பிபிசி3. இந்த இதயத் தசை மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட வடிவம் தெற்காசியர்களில் 4 சதவீதம் பேரிடம் உண்டு என்று 2009-இல் வெளியானது. அந்த வேலையில் மதுரைக்கும் பங்குண்டு. தடித்த இதயத்துக்கு அனுப்பும் எந்தத் தொகுப்பிலும் 25 பேரில் ஒருவருக்கு இது பாசிட்டிவாக வரும். வந்ததும் "காரணம் கிடைத்துவிட்டது" என்று ஃபைலை மூடுவார்கள். பிந்தைய ஆய்வுகள் இந்த விடுபாட்டின் தனிப் பங்கைக் குறைத்தே மதிப்பிடுகின்றன. அதனோடு ஒட்டி வரும் அரிய மாற்றங்கள்தான் ஆபத்தைச் சுமக்கின்றன. அதைவிட முக்கியம், அது இதயத்தோடு நின்றுவிடும். சிறுநீரில் புரதம் போவதை அது விளக்காது. இரண்டு உறுப்பும் கெட்டிருக்கும்போது ஒன்றை மட்டும் விளக்கும் விடை பாதி விடைதான்.

பரம்பரை நீர்க்கட்டிச் சிறுநீரகம் இரண்டு உறுப்பையும் தொடும். ஸ்கேனில் இவருக்குச் சிறுநீரகங்கள் இயல்பான அளவு. சிறுநீரகத்தின் உட்குழிவை (ரீனல் பெல்விஸ்) ஒட்டி மட்டும் சில நீர்க்கட்டிகள். அவற்றை வைத்து "பாலிசிஸ்டிக்" என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு. அந்த இடத்தில் வரும் கட்டிகள் ஃபாப்ரி நோயிலும் அடிக்கடி காணப்படுபவை.

ஃபாப்ரி நோயில் ஆல்ஃபா-கேலக்டோசிடேஸ் ஏ என்ற நொதி இல்லை, அல்லது போதவில்லை. செல்லின் குப்பைப் பையான லைசோசோமில் உடைய வேண்டிய ஜிபி3 என்ற கொழுப்பு உடையாமல் சேர்கிறது. 1898-இல் டார்ட்மண்டில் யோஹன்னஸ் ஃபாப்ரியும் லண்டனில் வில்லியம் ஆண்டர்சனும் ஒருவரை ஒருவர் அறியாமல் எழுதியது தோலில் வரும் சிவப்புப் புள்ளிகளைப் பற்றி. அந்தப் புள்ளிகளைத்தான் இன்றும் பலர் பார்க்காமல் விடுகிறார்கள்: அவை தொப்புளுக்கும் தொடைக்கும் நடுவில் இருக்கும், வேட்டியை இறக்கச் சொன்னால்தான் தெரியும். இவருக்கு இருந்தன. கீழ் முதுகிலும் விரைப்பையிலும் கடுகளவு கருஞ்சிவப்புப் புள்ளிகள். அழுத்தினால் முழுதாக வெளுக்கவில்லை.

கேட்க வேண்டிய கேள்விகள்

பரம்பரை நோய் என்றதும் நம் ஊர் மருத்துவமனைகளில் முதலில் வரும் கேள்வி "சொந்தத்தில் கல்யாணமா?" இந்த நோய்க்கு அது தவறான வாசல். இந்த நொதிக்கான ஜிஎல்ஏ மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு அம்மா வழியில் வரும்; அப்பா அம்மா சொந்தமாக இருக்க வேண்டியதே இல்லை. கேட்க வேண்டியது: "அம்மாவின் அண்ணன் தம்பிகள் எத்தனை பேர், ஒவ்வொருவரும் எத்தனை வயதில், எதனால் இறந்தார்கள்?"

இரண்டு தாய்மாமன்கள். மூத்தவர் டயாலிசிஸில் இருந்து 44-இல் காலமானார். இளையவர் 49-இல் தூக்கத்திலேயே போனார். "ஹார்ட் அட்டாக்" என்றார்கள். அம்மாவுக்கு 65 வயதில் பேஸ்மேக்கர். பல வருடமாகப் பாத எரிச்சலுக்கு வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறார், சர்க்கரை இல்லை. முன்பே எழுதியிருந்த குடும்ப வரலாற்றில் இருந்தது ஒரே வரி: "தந்தைக்கு இதய நோய் இல்லை."

அடுத்தது சிறுவயது. காய்ச்சல் வந்தால் உள்ளங்கையும் பாதமும் நெருப்பில் வைத்ததுபோல எரிந்ததா? விளையாட்டு வகுப்பை ஏன் தவிர்த்தார்? வியர்க்குமா? இவர் பத்து வயது முதல் எரிச்சலில் அழுதிருக்கிறார். வளரும் வலி என்றார்கள், பள்ளிக்கு மட்டம் போட நடிக்கிறான் என்றார்கள். கத்திரி வெயிலில் சட்டை நனைவதே இல்லை. ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டுதான் வேலை பார்ப்பார். இருபதைத் தாண்டியதும் வலி தானாகக் குறைந்ததால் அதை மறந்தே போனார். கேட்டால்தான் சொல்வார்கள்; அதையும் நோயாளியின் அம்மாவிடம் கேட்பது நல்லது.

கண் மருத்துவரிடம் அனுப்பி ஸ்லிட் லேம்பில் கார்னியாவைப் பார்க்கச் சொன்னோம். சுழி சுழியாகப் பழுப்புக் கோடுகள். பார்வைக்குக் கெடுதல் இல்லை. இதய நோயாளிகளிடம் இங்கே ஒரு பொறி: இதயத்துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் சாப்பிடுபவர்களுக்கும் அச்சு அசல் இதே சுழிகள் வரும். பழைய சீட்டுகள் எல்லாவற்றிலும் அமியோடரோனும், இதே சுழிகளைத் தரக்கூடிய ஹைட்ராக்சிகுளோரோகுவினும் இல்லை என்று பார்த்த பிறகே அந்தச் சுழிக்கு மதிப்பு.

இதய எம்ஆர்ஐயில், சாயம் கொடுக்காமல் அளந்த டி1 நேரம் (தசையின் தன்மையைக் காட்டும் ஓர் அளவு) குறைந்திருந்தது. தசை தடிக்கும் வேறு நோய்கள் பெரும்பாலும் அதைக் கூட்டும். கொழுப்புச் சேரும் ஃபாப்ரி குறைக்கும். கேடோலினியம் என்ற சாயம் கொடுத்த படத்தில் கீழறையின் அடிப்பகுதி, கீழ்ப்பக்கவாட்டுச் சுவரில் தழும்பு. அந்த நோயில் வழக்கமாகத் தழும்பு வரும் இடம்.

ரத்தப் பொட்டு அட்டையும் கெட்டுப்போகும் விதங்களும்

நொதியை அளக்க வடிதாள் அட்டையில் ரத்தப் பொட்டு எடுத்து அனுப்புவது எளிய வழி. கெடுவதும் எளிது. ஒவ்வொரு வட்டத்தையும் ஒரே சொட்டில், பின்பக்கம் வரை ஊறும்படி நிரப்ப வேண்டும். மேலே மேலே சொட்டு விட்டால் அடுக்கடுக்காகப் படிந்து அளவு தவறும். படுக்கைவசத்தில், வெயில் படாமல், மூன்று நான்கு மணி நேரம் அறை வெப்பத்தில் உலர வேண்டும். ஈரம் காயாத அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டி, கூரியர் வண்டியில் ஒரு மே மாத மதியம் கிடக்கவிட்டால், நொதி வழியிலேயே செத்துவிடும். நோய் இல்லாதவருக்கும் "குறைவு" என்று வரும். காற்றில் ஈரம் மிகுந்த கடலோர ஊர்களில் சிலிக்கா பொட்டலம் இல்லாமல் அனுப்பக் கூடாது.

இதைப் பிடிக்க ஒரு வழி: அதே அட்டையில் தொடர்பில்லாத இன்னொரு லைசோசோம் நொதியையும் அளக்கச் சொல்வது. இவருடைய முதல் அட்டையில் இரண்டுமே குறைவு. அட்டை கெட்டது என்று பொருள். நோய்க்குச் சான்று ஆகாது. இரண்டாம் அட்டையில் ஒப்பு நொதி இயல்பு, ஆல்ஃபா-கேலக்டோசிடேஸ் ஏறக்குறைய பூஜ்யம். பிறகு ரத்த வெள்ளணுக்களில் அளந்தோம்: இயல்பில் 1 சதவீதத்துக்கும் கீழ்.

வெள்ளணுவில் உறுதிசெய்யாமல் விடக் கூடாது. டி313ஒய் என்ற மாற்றம் உள்ளவர்களுக்கு பிளாஸ்மாவில் நொதி குறைவாகக் காட்டும், வெள்ளணுவில் அப்படி இருக்காது. அவர்களுக்கு வாழ்நாள் முழுதும் ஊசி போடுவது தேவையற்ற கொடுமை.

ஆணுக்கு நொதி அளவு போதும், பெண்ணுக்குப் போதாது. பெண் உடலின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று அணைந்திருக்கும். எது அணைகிறது என்பது செல்லுக்குச் செல் மாறும். ரத்தத்தில் நொதி இயல்பாகவும் இதயத்தில் நோய் முற்றியும் இருக்கலாம். ஆகவே பெண்களுக்கு நேராக மரபணு வாசிப்புதான்.

மரபணு வாசிப்புக்கும் ஓட்டைகள் உண்டு. ஜிஎல்ஏ சிறியது, ஏழு எக்ஸான்கள்தான் (புரதத்துக்கான குறிப்புள்ள பகுதிகள்). ஆனால் எக்ஸான்களை மட்டும் வாசிக்கும் தொகுப்பு, தைவானில் ஏராளமாக உள்ள மாற்றத்தைத் தவறவிட்டுவிடும்; அது நான்காம் இன்ட்ரானின் (எக்ஸான்களுக்கு இடைப்பட்ட பகுதி) உள்ளே, எல்லையிலிருந்து 919 எழுத்து தள்ளி இருக்கிறது. அங்கே சுமார் 1,500 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு அது இருப்பது பிறந்த குழந்தைப் பரிசோதனையில் தெரியவந்தது. அது நடுவயதுக்குப் பின் முக்கியமாக இதயத்தைத் தாக்கும் வடிவம். பெரிய துண்டுகள் விடுபட்டிருந்தாலும் சாதாரண வாசிப்பு பெண்களிடம் காட்டாது, துண்டுகளின் எண்ணிக்கையை அளக்கும் எம்எல்பிஏ பரிசோதனை தேவை.

இவருடைய மாற்றம் 227-ஆவது இடத்தில்: ஆர்ஜினின் வர வேண்டிய இடத்தில் நிறுத்தக் குறி. புரதத்தில் மொத்தம் 429 அமினோ அமிலங்கள், பாதியிலேயே நின்றுவிடுகிறது. உலகெங்கும் அறியப்பட்ட முழுவடிவ ஃபாப்ரி மாற்றம், சந்தேகத்துக்கு இடமில்லை.

ஆணுக்கு நோய் இவ்வாறு உறுதியான பின் பயாப்சி கட்டாயமல்ல. எடுத்தோம், மீள முடியாத தழும்பு எவ்வளவு என்று தெரிய வேண்டியிருந்தது. ஆஞ்சியோ சுத்தமாக இருந்ததாலும் ஸ்டென்ட் இல்லாததாலும் குளோபிடோகிரலை ஏழு நாள் முன் நிறுத்த முடிந்தது. மாதிரியில் ஒரு துண்டைக் குளுட்டரால்டிஹைடில் போட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டு மெழுகில் பதித்தால் கொழுப்பு கரைந்து ஓடிவிடும், வடிகட்டியைப் போர்த்தியிருக்கும் போடோசைட் செல்லில் வெற்று நுரைதான் மிஞ்சும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் சேர்ந்த கொழுப்பு வரிக்குதிரைக் கோடுகள் போன்ற அடுக்குகளாகத் தெரிந்தது. குளோமெருலஸ்களில் (சிறுநீரகத்தின் நுண் வடிகட்டிகள்) ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஏற்கெனவே தழும்பாகியிருந்தது.

சிகிச்சை

மிகலாஸ்டாட் என்ற காப்ஸ்யூல் உண்டு: 123 மில்லிகிராம், ஒருநாள் விட்டு ஒருநாள், அதை விழுங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும் உணவும் காபியும் கூடாது. உருக்குலைந்த நொதியைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து அது. பாதியில் நின்றுபோன புரதத்தைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை. இவருக்கு உதவாது. மாற்றம் எது என்று தெரியாமல் மாத்திரையா ஊசியா என்று முடிவெடுக்க முடியாததற்கு இதுவே காரணம்.

ஆகவே நொதி ஏற்றுதல். அகால்சிடேஸ் பீட்டா, கிலோவுக்கு 1 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. 60 மில்லிகிராமுக்கு 35 மில்லிகிராம் வயல் (மருந்துக் குப்பி) ஒன்று, 5 மில்லிகிராம் வயல் ஐந்து. குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு, பெரிய வயலில் 7.2 மி.லி., சிறியதில் 1.1 மி.லி. ஊசிநீரைச் சுவர் வழியாக இறக்கி, கையில் உருட்டிக் கரைக்க வேண்டும். குலுக்கினால் நுரைத்துப் புரதம் கெட்டுவிடும். மில்லிக்கு 5 மில்லிகிராம் என்பதால் எடுக்க வேண்டியது 12 மி.லி. அந்த அளவு உப்புநீரைப் பையிலிருந்து முதலில் வெளியேற்றிவிட்டுச் சேர்க்கவும். மொத்தம் 100 மி.லி. வேறு மருந்து எதுவும் அதே குழாயில் போகக் கூடாது. முதல் சில முறை நிமிடத்துக்கு 0.25 மில்லிகிராமுக்கு மேல் வேகம் வேண்டாம். 60 மில்லிகிராம் இறங்க நான்கு மணி நேரம்.

அவசரப்பட்ட இடம் இதுதான். நான்காம் முறை நன்றாகப் போனது என்று ஐந்தாம் முறை வேகத்தைக் கூட்டியதில் ஒரு மணி நேரத்தில் குளிர்நடுக்கம், 39 டிகிரி காய்ச்சல். நொதி சிறிதும் இல்லாத உடலுக்கு இந்தப் புரதம் அன்னியம், எதிர்ப்பொருள் உருவாகும். நிறுத்தி, பாராசிட்டமாலும் ஹிஸ்டமின் எதிர்ப்பும் கொடுத்து, பாதி வேகத்தில் மீண்டும் தொடங்கி முடித்தோம். அடுத்த முறைகளில் முன்மருந்து கொடுத்துப் பழைய வேகத்திலேயே ஓட்டியதில் தொல்லை இல்லை.

நொதி மட்டும் போதாது. புரதம் ஒரு கிராமுக்கு மேல் போகும்வரை சரிவு நிற்காது. "கிரியாட்டினினைக் கூட்டுகிறது" என்று நிறுத்தியிருந்த ராமிப்ரிலை 1.25-இல் தொடங்கி 5 மில்லிகிராம் வரை ஏற்றினோம். இலக்கு புரத விகிதம் 0.5-க்குக் கீழ். இந்த நோயாளிகளுக்கு ரத்த அழுத்தம் இயல்பிலேயே தாழ்வு என்பதால் படுக்கையிலிருந்து எழும்போது தலைசுற்றும். இரவில் கொடுத்து, ஃபுரோசமைடைக் குறைத்தால் பெரும்பாலும் தாங்குவார்கள். பொட்டாசியமும் கிரியாட்டினினும் இரண்டு வாரத்தில் பார்க்க வேண்டும். பீட்டா தடுப்பான்கள் நாடித்துடிப்பைத் தாழ்த்திவிடலாம். பேஸ்மேக்கர் வரை போகிற இதயங்கள் இவை. படபடப்பு வந்து அமியோடரோன் எழுதப் போகிறவருக்கு ஒரு வார்த்தை: அது செல்லுக்குள் இந்த நொதியின் வேலையைத் தடுக்கக்கூடியது, ஜென்டாமைசினும் குளோரோகுவினும் அப்படியே.

ஒரு வருடத்துக்குப் பின் புரத விகிதம் 0.6, வடிகட்டும் திறன் 50. இறக்கம் 6-இலிருந்து 3 ஆனது. தழும்பான குளோமெருலஸ் திரும்பி வராது. இருபது வயதில் கண்டிருந்தால் இன்னும் நிறைய மிஞ்சியிருக்கும்.

செலவு: இந்தியாவின் 2021 அரிய நோய்க் கொள்கையில் ஃபாப்ரி மூன்றாம் பிரிவில் வருகிறது, உயர் சிறப்பு மையங்கள் வழியாக ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய் வரை. வாழ்நாள் முழுதும் எடை பார்த்து ஏற்ற வேண்டிய மருந்துக்கு அந்தத் தொகை பெரியவர்களிடம் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். விண்ணப்பிக்கும் அன்றே அதற்குப் பிறகு என்ன என்று குடும்பத்தோடு பேசிவிடுவது நேர்மை.

குடும்ப மரம்

இந்த நோயுள்ள ஆண் தன் மகள்கள் எல்லோருக்கும் மாற்றத்தைக் கொடுப்பார். மகன்கள் ஒருவருக்கும் கொடுக்கமாட்டார். இவருக்கு ஒரு மகள், ஒரு மகன். மகனுக்குப் பரிசோதனை தேவையில்லை. மகளுக்குக் கட்டாயம் இருக்கிறது. கேள்வி எப்போது உறுப்புகளைப் பார்க்கத் தொடங்குவது என்பதுதான். இரண்டு அக்காக்களில் மூத்தவருக்கு மாற்றம் இருந்தது, இளையவருக்கு இல்லை. அம்மாவுக்கு இருந்தது, பாத எரிச்சலுக்கும் பேஸ்மேக்கருக்கும் அன்றுதான் காரணம் தெரிந்தது.

சொந்தத் திருமணம் இங்கே வேறு வழியில் உள்ளே வருகிறது. மாற்றமுள்ள தாய்மாமனுக்கு அக்கா மகளைக் கட்டிக்கொடுத்து, அவளிடமும் மாற்றம் இருந்தால், பிறக்கும் மகள்களில் பாதிப் பேருக்கு இரண்டு எக்ஸிலும் நோய் இருக்கும். அவர்களுக்கு ஆண்களைப் போலவே முழு வடிவில் வரும். மூத்த அக்காவின் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரன் யாராக இருந்தாலும், அந்தப் பெண்ணின் பரிசோதனை முடிவு அவள் கைக்கு முதலில் போக வேண்டும் என்று வலியுறுத்தினோம்.

டயாலிசிஸ் என்ற பேச்சு வந்ததுமே அம்மா தன் சிறுநீரகத்தைத் தர முன்வந்தார். நம் வீடுகளில் முதலில் கை தூக்குவது அம்மாதான், அடுத்து அக்கா. கிரியாட்டினினும் ஸ்கேனும் இயல்பு என்று இருவருமே தேர்வாகிவிடக்கூடும். ஆனால் தருகிற சிறுநீரகத்திலும் அதே கொழுப்பு சேர்ந்திருக்கும், மிஞ்சுகிற ஒற்றைச் சிறுநீரகத்திலும் சேர்ந்துகொண்டிருக்கும். தானப் பட்டியலில் அம்மாவையும் மூத்த அக்காவையும் நீக்கி, இளைய அக்காவையும் மனைவியையும் வைத்திருக்கிறோம். மாற்றப்பட்ட சிறுநீரகம் தனக்கு வேண்டிய நொதியைத் தானே செய்துகொள்ளும், நோய் அதில் குறிப்பிடும்படி திரும்ப வராது. இதயத்துக்கு அந்த உதவி கிடையாது. மாற்றுச் சிறுநீரகம் வைத்த பிறகும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நொதி ஏற்றுவது தொடரும்.